நல்ல நாளும் அதுவுமாக

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மாத்தா படகு எது என்று கேட்டால், யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். மாத்தா என்றால் அங்கே போலீஸ். படகின் பெயர் மெலாத்தி. மலாய்க்காரர் பேச்சில் மல்லிகை என்று அர்த்தம். பெயர் வைத்த புண்ணியவான் ஒரு நாளாவது அதன் அடிவயிற்றில் இறங்கி முகர்ந்து பார்த்திருந்தால் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டான். சேறு, எண்ணெய், பாக்காவ் என்கிற அலையாத்தி விறகின் புகை எல்லாம் கலந்து குமட்டும். அய்யாவு என்ற மனிதருக்கு மட்டும் அந்த வாடை இல்லாவிட்டால் சோறு இறங்காது.

அவர்தான் மெலாத்தியின் டிரைவர். டிரைவர் என்றதும் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே பாய்லருக்கு விறகு போட்டு, நீராவி ஏற்றி, எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவர். ஓட்டுகிறவர் மேலே சுக்கான் பிடித்து நிற்கிற ஜெய்னுதீன். அவர் மணியை ஒரு தட்டுத் தட்டினால் இவர் வேகம் கூட்டுவார், இரண்டு தட்டினால் குறைப்பார். வேலை நேரத்தில் இருவருக்கும் பேச்சு அவ்வளவுதான். கரைக்கு வந்துவிட்டால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஜெய்னுதீனுக்கு ஊர் நாகூர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். அய்யாவும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். நோன்புக் கஞ்சி இந்த வீட்டுக்கு வரும், பொங்கல் அந்த வீட்டுக்குப் போகும். போலீஸ் குவாட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

மெலாத்தியின் வேலை துறைமுகத்துக்குக் காவல். கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் தோங்கான்களில் ரப்பர் திருடுகிறவனைப் பிடிக்க வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் சம்பான் என்கிற சின்னப் படகை ஒளித்து வைத்துக் கள்ள அபின் கடத்துகிறவனைத் துரத்த வேண்டும். துரத்துகிற படகுக்கே மூச்சு வாங்கினால் என்ன செய்வது? பாய்லர் கிழடு தட்டிவிட்டது. அதைவிட மோசம், இடப்பக்கத்தில் பாய்லரை ஒட்டினாற்போல, நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பலகை. ஒருநாள் ஜெய்னுதீன் பேனாக்கத்தியை அதில் வைத்து அழுத்தினார். கத்தி பழுத்த பப்பாளியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் கடல்.

ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் துரை மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தார். கடைசியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பதில் வந்தது. கப்பல், படகு பார்க்கிற துரை ஒருவர் வருவார். படகு மோசம் என்று அவர் சொன்னால் சர்க்கார் மானியம் தரும், பலகையிலிருந்து பாய்லர் வரை எல்லாம் புதிதாக்கிக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஒரு ஆணிகூடக் கிடைக்காது. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சங்கதிதான்.

புரிந்து என்ன பண்ண? துரை வருவதாகச் சொன்ன நாள் விஜயதசமி. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

அய்யாவு தொழில் பழகியது பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில். அங்கே ஆயுத பூஜை என்றால் எஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுத் தேர் மாதிரி நிறுத்துவார்கள். அந்தப் பழக்கத்தை அவர் துறைமுகத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். வருஷம் பூராவும் அழுக்கில் கிடக்கிற மெலாத்தி அந்த ஒருநாளாவது பேருக்கேற்ற மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு. தேய்ப்பார், கழுவுவார், பெயிண்ட் அடிப்பார், பித்தளையை முகம் பார்க்கிற அளவுக்குத் துலக்குவார். மனைவி பவுனம்மாள், "எம் மூஞ்சிய ஒருநாளாவது இப்படிப் பாத்திருப்பியாய்யா?" என்று கேலி பண்ணுவாள்.

அந்த வருஷமும் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஜெய்னுதீன் படகுத்துறையிலேயே மறித்தார்.

"இந்த வருசம் வேணாம் அய்யாவு. உரிஞ்ச தோலோடயே கெடக்கட்டும். துரை கண்ணால பாக்கட்டும்."

"பூசைக்கு நிக்கிற படகு நானா. கிழிஞ்ச துணியோட புள்ளயக் கோயிலுக்கு அனுப்புவமா? துரைகிட்ட நான் வாயால சொல்லிர்றேன். உளிய வச்சுக் கீறியே காட்டிர்றேன், போதுமா?"

ஜெய்னுதீன் கொஞ்சம் யோசித்தார். சரி, எஞ்சின் பக்கம் உன் பக்கம், நீயே சொன்னால்தான் முறை, நான் நடுவில் புகுந்தால் நன்றாக இருக்காது என்றார். நான்தான் சொல்லுவேன் என்றார் அய்யாவு. சொன்னது வெறும் பேச்சல்ல. அந்த நேரத்தில் மனதார அப்படித்தான் நினைத்தார்.

தண்ணீர் வற்றின நேரம் பார்த்துப் படகைச் சேற்றில் சாய்த்து, குங்கிலியத்தையும் எண்ணெயையும் குழைத்து அந்தப் பலகையின் பொந்தையெல்லாம் அடைத்தார். உள்ளேயும் அடைத்தார், வெளியேயும் அடைத்தார். மேலே பச்சைப் பெயிண்ட் இரண்டு பூச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்த வித்தையைப் பெயிண்டிலும் செய்யலாம். மறுநாள் பூஜையின்போது எஞ்சினுக்கும் பாய்லருக்கும் பொட்டு வைத்து முடித்து, அந்தப் பலகைக்கும் பெரிதாக ஒன்று வைத்தார். தாயே, துரை வருகிறவரைக்கும் தாங்கு, உனக்குப் புதுப் பலகை வாங்கித் தருகிறேன் என்று முணுமுணுத்தார். ஜெய்னுதீன் கரையில் நின்று பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றார்.

விஜயதசமி காலையில் துரை வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. பின்னாலேயே குடையும் தொப்பியுமாக, பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு. யாழ்ப்பாணத்து மனிதர். துரைமார் பேச்சைத் தமிழாக்கவும் தமிழைத் துரைமார் பேச்சாக்கவும் அவரைவிட்டால் அந்த ஆபீசில் ஆள் கிடையாது.

துரை படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பித்தளையைத் தொட்டுப் பார்த்தார். எஞ்சின் அறைக்குள் தலையைக் குனிந்து இறங்கினார். பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து விரித்தார். மரத்தைக் குத்திப் பார்ப்பதற்குத்தான். அய்யாவுக்கு நெஞ்சு இலேசாயிற்று. சொல்லக்கூட வேண்டாம், கத்தியே சொல்லிவிடும். ஆனால் துரையின் கண் அந்தப் பலகையின் குங்குமத்தில் போய் நின்றது. இது என்ன என்று கார்த்திகேசுவைக் கேட்டார். கார்த்திகேசு பூஜையைப் பற்றி விளக்கினார். துரை மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையசைத்துக் கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மரியாதை தெரிந்த மனுஷன். என்ன சொல்ல!

மேலே வந்ததும், இன்ஸ்பெக்டர் துரையும் மாத்தாக்களும் நிற்கும்போதே, இவ்வளவு அழகாக வைத்திருக்கிற படகை எந்தத் துறைமுகத்திலும் தாம் பார்த்ததில்லை என்றார். கார்த்திகேசு அதை இன்னும் கொஞ்சம் சர்க்கரை தூவித் தமிழில் சொன்னார். கூட நின்றவர்கள் சிரித்து அய்யாவின் முதுகில் தட்டினார்கள். ரயில் பட்டறையில் திட்டு வாங்கியே வளர்ந்த முதுகு அது. வெள்ளைக்காரன் வாயால் புகழ் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் கார்த்திகேசு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"துரை கேக்கிறார், படகிலை ஏதும் குறை இருக்கோ எண்டு. இருந்தா இப்பவே சொல்லட்டாம்."

உளி அய்யாவின் இடுப்பிலேயே இருந்தது. கை அதன்மேல் போகவும் செய்தது. காலையில் ஏற்றிய கர்ப்பூரத்தின் வாசனை இன்னும் போகவில்லை. பூஜை முடிந்த முதல் ஓட்டத்துக்கு நீராவி ஏறிக்கொண்டிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக, மாலை போட்டு நிற்கிறவளைப் பார்த்து, இவள் உள்ளுக்குள் அழுகிக் கிடக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? சொன்ன வாய் அழுகிப் போகாதா? அப்படித்தான் அவர் மனசு ஓடியது. அது பாதி. மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் புகழ்ச்சி இன்னும் நாக்கில் தித்தித்தது. அதை அவ்வளவு சீக்கிரம் துப்ப அவருக்கு மனசு வரவில்லை.

"ஒரு குறையும் இல்லீங்க. அம்மா புண்ணியத்துல நல்லா ஓடுது."

கார்த்திகேசு மொழிபெயர்த்தார். துரை கை குலுக்கினார். ஜெய்னுதீன் சுக்கானருகே நின்று எங்கோ தோங்கான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்ததும் கார்த்திகேசுவைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அய்யாவு நினைத்தார். வந்தபோது துரைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சரி, நாளைக்கு இன்ஸ்பெக்டரிடம் சொல்லலாம். மறுநாள் வந்தபோது, நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு தயக்கம். அதற்கடுத்த நாள் தயக்கம் இரண்டு மடங்கு ஆயிற்று. ஒரு வாரம் போனபின் வாயைத் திறக்கவே வழியில்லை. மெலாத்திக்கு வர வேண்டிய மானியம் வேறொரு துறைமுகத்துக் காவல் கொட்டகைக்குப் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஊரெல்லாம் விதியை நொந்தது. தாழியை உடைத்தவருக்கு யார் உடைத்தது என்று தெரியும்.

ஜெய்னுதீன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான். ஏன்டா சொல்லவில்லை என்று செவிட்டில் ஒரு அறை விட்டிருந்தால்கூட அய்யாவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் விடிகிற வேளை, வடிநீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு சம்பான் ஓடைக்குள்ளிருந்து பாய்ந்து வெளியே வந்தது. மாத்தாக்கள் கத்தினார்கள். மணி ஒரு தட்டு. அய்யாவு விறகை அள்ளிப் போட்டார். அப்போது இடப்பக்கம் ஏதோ இடித்தது. பெரிய இடியில்லை. மழைத் தண்ணீரில் மிதந்து வருகிற மரக்கட்டைதான். அந்த ஆற்று முகத்துவாரத்தில் எந்தப் படகும் தினமும் வாங்குகிற இடி. நல்ல பலகையாக இருந்தால் பெயிண்ட் உரிந்திருக்கும், அவ்வளவுதான்.

பலகை உள்ளே வந்து விழுந்தது. அதன் பின்னால் கடல் வந்தது. நெருப்பு அணைந்து நீராவி சீறி அய்யாவின் இடது கையை வேகவைத்தது. எஞ்சின் நின்ற படகை வடிநீர் குறுக்கே இழுத்துக்கொண்டு போய், நங்கூரமிட்டிருந்த இரும்புத் தோங்கான்மேல் அடித்தது. ஜெய்னுதீன் கழியை ஊன்றித் தள்ளப் பார்த்தார். கழி வழுக்கியது. அவருடைய வலது கால் படகுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

மெலாத்தி முழுகுவதற்குள் அவரைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு கரை சேர்த்தது அய்யாவுதான். வெந்த கையோடு அவர் நீந்தியதை மாத்தாக்கள் எல்லாரும் பார்த்தார்கள். துறைமுகம் முழுக்க அதே பேச்சு. கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஜெய்னுதீனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி ரம்லத், வாசலில் அய்யாவைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கையையும் ஏந்தினாள்.

"அண்ணே, எம் புள்ளைகளுக்கு வாப்பாவத் திருப்பிக் குடுத்தவங்க நீங்கதான். அல்லா உங்களை நல்லா வைக்கணும்."

அந்த துஆ அய்யாவின் தலையில் நெருப்பாக விழுந்தது. பவுனம்மாள் நாள்தோறும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே சமைத்தாள். அடுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது அய்யாவு. ஒவ்வொரு தடவையும் ரம்லத் வாழ்த்துவாள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையைக் குனிந்துகொள்வார். பாருங்கள், எவ்வளவு அடக்கம் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்வார்கள். ஐயோ, அந்த அடக்கத்தின் லட்சணம்!

அதற்குள் விசாரணை வந்தது. மேலிடத்தில் பழைய சங்கதியைப் புரட்டினார்கள். துரை பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன படகு. டிரைவரே ஒரு குறையும் இல்லை என்று சொன்ன படகு. நல்ல படகு ஏன் முழுகும்? கட்டையைக் கவனிக்காமல் விட்ட சுக்கானியின் அசட்டைதான் காரணம் என்று பேச்சு அடிபட்டது. அப்படி முடிவானால் ஜெய்னுதீனுக்கு வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை. குவாட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு ஒற்றைக் காலோடு நாகூருக்குக் கப்பலேற வேண்டியதுதான். உண்மையை அய்யாவு சொன்னால் அந்தக் கதி அவருக்கே. இரண்டில் ஒரு குடும்பம் தெருவுக்கு வர வேண்டும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர், இதுவரை வாய் திறக்காத அய்யாவு.

இதற்கு நடுவில் மானியம் வந்து சேர்ந்தது! முழுகிய படகைத் தூக்கிவிட்டார்கள், துறைமுகத்துக்குக் காவல் இல்லாமல் முடியாது என்று உடனே அனுமதி கொடுத்துவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். செங்கால் என்கிற உறுதியான மரத்தின் பலகைகள் வந்து இறங்கின. புதுப் பாய்லர் ரயிலில் வந்தது. சீனத் தச்சர்கள் மெலாத்தியைக் கரையில் ஏற்றி வைத்து வேலை ஆரம்பித்தார்கள்.

அய்யாவு கட்டுப்போட்ட கையோடு போய் நின்று பார்த்தார். ஒரு தச்சர் அந்தப் பலகையின் மிச்சத்தைப் பிடுங்கினார். கையோடு பிய்ந்து வந்தது, ஊறிப்போன புட்டு மாதிரி. மேலே பச்சைப் பெயிண்ட் மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது. தச்சர் அதைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். பெயிண்ட் அடித்தவன் இங்கேதான் நிற்கிறான் என்று அவருக்கு என்ன தெரியும்? மிச்சத்தை அடுப்பில் போடப் போனார். அய்யாவு குறுக்கே கையை நீட்டினார். ஒரு துண்டை வாங்கித் தம் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பவுனம்மாளிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். பிறகு, ரம்லத் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்த குழம்பைப் பார்த்துக்கொண்டே, "இத்தன நாளு அந்தப் பொண்ணு என்னையும் வாழ்த்துனுச்சேய்யா" என்றாள். அழுதாள். போய்ச் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. காலையில் அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

விசாரணை கோலாலம்பூரில். மூன்று துரைமார், நடுவில் பெரிய மேசை. படகைப் பார்த்த துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். மொழிபெயர்க்கக் கார்த்திகேசுதான் நின்றார். படகு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். அய்யாவு துண்டை அவிழ்த்து அந்த மரத்துண்டை மேசைமேல் வைத்தார். பலகை கெட்டுப்போனது தனக்கு முன்னமே தெரியும், பெயிண்ட் அடித்து மூடியது தான்தான், கேட்டபோது பொய் சொன்னதும் தான்தான், சுக்கானிமேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்.

கார்த்திகேசு உடனே மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதைச் சொன்னா உமக்கு வேலை போகும் காணும். இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. யோசிச்சுப் பாரும்."

"யோசிச்சு யோசிச்சுத்தான்யா அவரு கால் போச்சு. சொல்லுங்க."

சொன்னார். நடுவிலிருந்த துரை மரத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. அவர் முகம் மாறியது. அப்படியானால் அன்றைக்கு ஏன் நன்றாக இருக்கிறது என்று சொன்னாய் என்று கேட்டார். அய்யாவு, நல்ல நாளும் அதுவுமாக அப்படிச் சொல்ல வாய் வரவில்லை என்றார். கார்த்திகேசு இங்கிலீஷில் ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். துரைமார் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் ஏறவில்லை. புகழ்ந்தது பிடித்திருந்தது என்பதையும் அய்யாவு சொன்னார். அது மட்டும் மூன்று பேருக்கும் சட்டென்று புரிந்தது.

மாலைக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். சுக்கானிமேல் குற்றமில்லை. பென்ஷன் உண்டு, குணமானதும் துறைமுகக் கேட்டில் உட்காருகிற வேலை உண்டு. டிரைவர் அய்யாவு வேலையிலிருந்து நீக்கம். குவாட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும்.

திரும்பி வருகிற ரயிலில் அய்யாவுக்குப் பசித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு பசி. ஒரு வடை வாங்கித் தின்றார். மனசு காற்றுப்போல இருந்தது. அப்படி இருந்ததே அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒருத்தன் காலைத் தின்றுவிட்டு உனக்கு வடை கேட்கிறதா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். கிள்ளானில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

ஜெய்னுதீன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரம்லத் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அய்யாவு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, ஒன்று விடாமல் சொன்னார். பொந்தை அடைத்ததைச் சொன்னார். துரை கேட்டதையும் தாம் பொய் சொன்னதையும் சொன்னார். இன்றைக்கு நடந்ததையும் சொன்னார். சொல்லி முடித்து, "என்னைய மன்னிச்சிரு நானா" என்றார்.

ரம்லத்தின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைய வுட்டுட்டு வந்து நிக்கிறியேடா, பைத்தியக்காரா" என்றார் ஜெய்னுதீன். கண் கலங்கியிருந்தது. "இதுல மன்னிக்க என்னா இருக்கு? துரை கேட்டப்ப நானும் அங்கனதானே நின்னேன். எனக்கும் வாய் இருந்துச்சுல்ல? பலகை கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு எனக்கு இங்கிலீசு தெரியும். நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு. பூவும் பொட்டுமா நீ சாமி கும்புட்டு நிக்கிற. நான் ஒரு துலுக்கன், ஒங்க சாமி நாள்ல, ஒங்க பூசைப் படகு அழுகிப்போச்சுன்னு வெள்ளைக்காரன்கிட்ட சொல்லலாமா? நீ தப்பா எடுத்துக்குவியேன்னு முழுங்கிட்டேன். பெறவு தெனமும் அதுல ஏறிப் போனவன் நான்தானே. ஒன்னைய என்னான்னு திட்டுவேன்?"

அய்யாவு கம்பியை விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ரயிலில் வந்தபோது இருந்த லேசு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இத்தனை நாளும் ஒருவனாகச் சுமந்ததாக நினைத்த பாவம், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவரையும் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது. பூஜை செய்த இவர் மனசு நோகக் கூடாது என்று ஒருத்தர் தன் காலைக் கொடுத்திருக்கிறார்.

ஜெய்னுதீன் எட்டி அவர் கையைப் பிடித்தார். சரி விடு, இரண்டு பேர்மேலும் தப்பு, கணக்குச் சரியாய்ப் போயிற்று என்று சிரிக்கப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க."

ரம்லத் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. வாழ்த்தும்போது எப்படிப் பேசுவாளோ அதே குரலில்தான் பேசினாள்.

"அப்ப உங்க ரெண்டு பேருக்குமே தெரியும். அது அழுகிக் கெடக்குன்னு தெரியும். நீங்க அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னு இருந்தீங்க. அண்ணன் நல்ல நாளுன்னு இருந்தாங்க. எனக்கு மட்டுந்தான் தெரியாது. தெனமும் சட்டைய மாட்டிவிட்டு, பத்திரமாப் போயிட்டு வாங்கன்னு அனுப்பி வச்சேனே! என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் எந்த நாளும் பாத்திருக்க மாட்டேன். போய்ச் சொல்லியிருப்பேன். துரை இல்ல, அவங்க அப்பன் வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்."

அய்யாவு மெல்ல, "தங்கச்சி" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்து, கால் இல்லாத இடத்தை மூடிவிட்டாள். பிறகு கஞ்சியை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.